2017-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: பிரிஞ்சாங் மலைப் பயணமும் பிற பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, ஆயுள் உறுப்பினர்களே, தாப்பா வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு செயலவைக் கூட்டங்கள் முறையாக அழைக்கப்பட்டன. போதிய உறுப்பினர் சேராததால் சில ஒத்திவைக்கப்பட்டன. வருகைப் பதிவேடு மேசைமேல் இருக்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்பதை வேண்டுவோர் பார்த்துக்கொள்ளலாம்.

பொங்கல் விழா தமிழ்ப்பள்ளித் திடலில் நடைபெற்றது. தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு யூபிஎஸ்ஆர் எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கான வழிகாட்டி வகுப்பு நடந்தது. இடுகாட்டில் எல்லாரும் கூடி கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுப்பணி செய்து புதர் வெட்டினோம். தீபாவளிக்கு வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரிசியும் எண்ணெயும் வழங்கப்பட்டன.

இனி, மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் மேற்கொண்ட பிரிஞ்சாங் மலைப் பயணம். ஆண்டு முழுவதும் அதிகம் பேசப்பட்டதும் அதிகம் குறை சொல்லப்பட்டதும் இதுதான் என்பதால் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலை நம் ஊரில்தான் தொடங்குகிறது. 1931-இல் மேலேயுள்ள தானா ராத்தா ஊர் வரை சாலை போட்டு முடித்தார்கள். அன்று முதல் ஊர் ஊராகச் சுற்றுலாப் பேருந்துகள் நம் கடைத்தெருவைத் தாண்டி மேலே போகின்றன. ஆனால் பயணத்திற்குப் பெயர் எழுதியபோது ஒன்று தெரிய வந்தது. மலையடியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு மேலே போனதே இல்லை. அவர்களுடைய பெற்றோரிலும் பலர் போனதில்லை. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவுமே பொழுது சரியாக இருக்கும். குடும்பத்தோடு மலைக்குப் போகும் வசதி அவருக்கு எப்போது வரும்? அந்த வசதியைச் செய்து தருவது சங்கத்தின் வேலை இல்லை என்றால், சங்கத்திற்கு வேறு என்ன வேலை?

கேமரன் மலைப்பகுதியிலுள்ள பிரிஞ்சாங் மலை கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்தது. தீபகற்ப மலேசியாவில் சாலை வழியாகப் போய்ச் சேரக்கூடிய மிக உயரமான இடம் அதுவே. பேராவும் பகாங்கும் எல்லை பிரித்துக்கொள்ளும் மலைமுகடு. அங்கே தொலைத்தொடர்புக் கம்பங்களின் பக்கத்தில் இரும்பாலான பார்வைக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஏன் லேண்ட்ரோவர் வாடகைக்கு எடுத்தீர்கள் என்று கணக்காய்வாளர் கேட்டார். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் ஊடாக மேலே ஏறும் சாலை ஒரு வண்டி போகும் அகலந்தான். பெரிய பஸ் அதில் திரும்பாது. பஸ்ஸைக் கியா ஃபார்ம் பக்கம் நிறுத்திவிட்டு, அங்கிருந்து லேண்ட்ரோவரில் போவதைத் தவிர வழியில்லை. அந்தச் செலவு ஆடம்பரமன்று.

தேயிலைத் தோட்டத்தைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தச் சொன்னேன். அந்தத் தோட்டத்தை நடத்தும் நிறுவனம் 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கியது. அந்தச் சரிவுகளில் தொடக்க காலத்தில் கொழுந்து கிள்ளியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்கள். கீழே ரப்பர், மேலே தேயிலை. கப்பலேறி வந்த கூட்டம் ஒன்றுதான். வயதான தாயார் ஒருவர், இளமையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், நிரைகளைப் பார்த்து, "கவாத்து ஒழுங்கா வெட்டியிருக்காங்க" என்று சொல்லிப் பக்கத்திலிருந்த பேத்திக்குக் கவாத்து என்றால் செடியின் கிளைகளை வெட்டிவிடுவது என்று விளக்கினார். எந்தப் பாடநூலும் அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லித் தந்திருக்காது.

இப்போது முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். "இவ்வளவு பணம் செலவழித்துக் கோபுரத்தில் ஏறிப் பனிமூட்டத்தைத்தான் பார்த்துவிட்டு வந்தார்கள்" என்று வாட்சப் குழுவில் எழுதினார்கள். எழுதியவர் யாரும் பயணத்திற்கு வரவில்லை.

ஆம், பனிமூட்டம்தான் இருந்தது. மேற்கே நம் பேராப் பக்கம் கடைசி வரை திறக்கவே இல்லை. ஆனால் அந்தப் பனிமூட்டத்தைக் காட்டத்தான் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனோம். நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய அரைப் பாகைக்கு மேல் வெப்பம் குறையும். சமவெளியிலிருந்து போகும் ஈரக்காற்று அந்த உயரத்தில் குளிர்ந்து மேகமாகி மலைமேல் உட்கார்ந்துவிடுகிறது. மழை பெய்யாத நாளிலும் மரங்கள் சொட்டிக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம். கோபுரத்திற்குக் கீழே பாசிக்காடு. மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, அடி முதல் நுனி வரை பாசி போர்த்தி நிற்கின்றன. அந்தப் பாசி மூட்டத்தில் உள்ள நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. பிள்ளைகள் பலகைப் பாதையை விட்டு இறங்கக்கூடாது என்று வழிகாட்டி கண்டித்தது இதனால்தான். மண் அங்கே மெத்தென்றிருக்கும். மிதித்தால் வேர் செத்துவிடும். பூச்சியைத் தின்னும் குடுவைச் செடியையும் காட்டினார். அந்த மண்ணில் சத்துக் குறைவு என்பதால் செடி தன் சத்தைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இதை அப்படியே அறிவியல் பயிற்சித் தாளில் எழுதியிருந்ததை ஆசிரியர் என்னிடம் காட்டினார்.

அந்த நீர் எங்கே போகிறது? இதைத்தான் கோபுரத்தின் மேல்தட்டில் நின்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெர்த்தாம் ஆறும் தெலோம் ஆறும் அந்த மலைப்பகுதியின் நீரை வாங்கிக்கொள்கின்றன. இயல்பாகப் போனால் அந்த நீர் கிழக்கே பகாங்குக்குத்தான் போக வேண்டும். 1963-இல் ரிங்லெட்டில் சுல்தான் அபுபக்கார் அணை கட்டி முடிக்கப்பட்டது. தெலோமின் நீரைப் பெர்த்தாமில் திருப்பி, ரிங்லெட் ஏரியில் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்க வழியாக மேற்கே இறக்கி, ஜோர் நிலையத்தில் மின்சாரம் எடுத்து, பாத்தாங் பாடாங் ஆற்றில் விடுகிறார்கள். பாத்தாங் பாடாங் நம் ஊர் ஆறு. நம் பிள்ளைகள் குளிக்கும் ஆறு. அந்த மூட்டத்தின் ஒரு பங்கு தாப்பாவுக்கு வந்து சேருகிறது. இதைத் தெரிந்துகொள்வது வீண்செலவா?

பிரிஞ்சாங் ஊரிலிருந்து மேலே ஏறும் வழியில், காடு வெட்டப்பட்ட சரிவுகளில் காய்கறிப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. மழை வந்தால் அங்கிருந்து கரையும் மண் ரிங்லெட் ஏரியில் போய்ப் படிகிறது. ஏரி தூர்ந்தால் நீருக்கு இடம் குறைகிறது. 2013 அக்டோபரில் பலத்த மழைக்குப் பின் அணைநீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் பலியானதை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலை கெட்டால் அடிவாரத்திலிருப்பவர்களும் அனுபவிக்க வேண்டும். சந்தையில் மலிவாக வாங்கும் முட்டைக்கோசில் அதன் கணக்கும் இருக்கிறது என்று என் மனம் சொல்கிறது.

இந்தப் பயணத்தில் என்னை வருத்திய செய்தி ஒன்றே ஒன்று. பெயர் கொடுத்துவிட்டு அன்று காலை வராமல் போனவர்கள். கோயில் வாசலில் பஸ் காத்திருந்தது. தொலைபேசியை எடுக்கவில்லை. இடமில்லை என்று சொல்லித் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரை முதல் நாள்தான் திருப்பி அனுப்பியிருந்தோம். அவர்கள் வீட்டில் இருக்க, பஸ்ஸில் வெற்று இருக்கைகள் போயின. உடல் நலமில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். "தூங்கிவிட்டேன்" என்பதை எப்படி ஏற்பது? எனவே இனி எந்தப் பயணத்திற்கும் பெயர் கொடுக்கும்போதே 20 ரிங்கிட் முன்பணம் வாங்கி, பஸ்ஸில் ஏறியதும் திருப்பிக் கொடுப்பது என்று செயலவை முடிவு செய்திருக்கிறது.

நிதிநிலையைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாகப் போயின. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது. பயணச் செலவின் பெரும் பகுதியை நன்கொடையாளர்கள் ஏற்றார்கள். சங்க நிதியிலிருந்து போனது சிறு தொகை. கையிருப்பு குறைந்ததற்குப் பயணம் காரணமன்று, சந்தா பாக்கிதான் காரணம். மாதச் சந்தா இரண்டு ரிங்கிட். கடையில் ஒரு தே தாரேக் குடிக்கும் காசு. அதையும் மூன்றாண்டுகளாகக் கட்டாதவர்கள் பட்டியலில் பாதிக்கு மேல். கேள்வி கேட்கும் உரிமை எல்லா உறுப்பினர்களுக்கும் உண்டு. சந்தா கட்டியிருந்தால் அந்தக் கேள்விக்கு இன்னும் மதிப்பு கூடும்.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும், பாத்திரங்கள் தந்து உதவிய கோயில் நிர்வாகத்தினருக்கும், விடியற்காலையில் எழுந்து நாசி லெமாக் பொட்டலம் கட்டிய மகளிர் பிரிவினருக்கும், மலைவளைவுகளில் பத்திரமாக ஓட்டிய பஸ் ஓட்டுநருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் பிள்ளைகளைத் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு, அதன் வாசலான கோலா தஹானுக்கு அழைத்துச் செல்ல எண்ணம். அங்கே மர உச்சிகளுக்கிடையே தொங்கும் நடைபாலம் இருக்கிறது. மேகம் சூழ்ந்த மலைக்காட்டைப் பார்த்த பிள்ளைகள் தாழ்நில மழைக்காட்டையும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. தங்க வேண்டும், படகு வேண்டும், உடன் வரப் பெரியவர்கள் வேண்டும். இப்போதைய கையிருப்பில் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. செயலாளர் பொறுப்பை ஏற்று இதை நடத்திக் காட்ட யாரேனும் இன்று முன்வந்தால் கோப்புகளை மனமுவந்து ஒப்படைப்பேன். யாரும் வரவில்லையென்றால் நானே தொடர்வேன்; ஆனால் தனி ஆளாகத் தொடர முடியாது.

நிலுவைச் சந்தா வாங்கும் மேசை வாசலருகே தேநீர் முடியும் வரை திறந்திருக்கும். இரசீதுப் புத்தகம் தயாராக இருக்கிறது. தவணையாகக் கட்டுவதற்கும் பொருளாளர் இசைந்திருக்கிறார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
தாப்பா, பேராக்