முடிந்த பாட்டைப் பூட்டி வைக்காதே

ஸ்டாக்ஹோம்,
டிசம்பர் 7

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். காலை எட்டரைக்குத்தான் விடிகிறது, மதியம் மூன்று மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. ஜன்னலுக்கு ஜன்னல் மின்விளக்கு வைத்து இருட்டைச் சமாளிக்கிறார்கள். குளிர் பழகிவிடும், இந்த இருட்டு பழக நாளாகும்.

உன் ஆல்பத்தின் ஒன்பது பாட்டுகளில் ஐந்து முடிந்துவிட்டது, மிச்சம் நான்கும் முடியும்வரை காத்திருப்பதா, இல்லை மொத்தத்தையும் ஒரு நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்துவிடுவதா என்று கேட்டிருந்தாய். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் சொல்ல இந்த ஊர்ப் பாடகி ஒருவரின் ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். ராபின். முழுப் பெயர் ராபின் மிரியம் கார்ல்சன், 1979இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். ஆல்பம் 'பாடி டாக்', 2010.

முதலில் பின்னணி. பதினாறு வயதில், 1995இல் முதல் ஆல்பம். அதிலிருந்த இரண்டு பாட்டுகள் 1997இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் ஏழாம் இடம்வரை போயின. அவற்றைத் தயாரித்தவர்கள் டெனிஸ் பாப்பும் மேக்ஸ் மார்ட்டினும். பிறகு உலகம் முழுக்க ஒலித்த பாப் பாட்டுகள் பல அவர்களுடைய பட்டறையில்தான் உருவாயின. 1999இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் கருக்கலைப்பைப் பற்றிய பாட்டுகள் இருந்தன. அமெரிக்க வெளியீட்டுக்காக அவற்றை மாற்றச் சொன்னார்கள். அவர் மாற்றவில்லை, ஆல்பம் அமெரிக்காவில் வெளிவரவே இல்லை. 'தி நைஃப்' என்ற இருவர் குழுவோடு சேர்ந்து செய்த பாட்டு அவருடைய நிறுவனத்துக்குப் பிடிக்காமல் போனபோது, ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்து 'கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தமாகத் தொடங்கினார். 2005இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஆல்பம் போட்டார். ஸ்வீடனில் முதலிடம். பிரிட்டனுக்கு அது 2007இல்தான் போனது, அமெரிக்காவுக்கு 2008இல்.

இந்த மூன்று வருட இழுபறியைக் கவனி. சொந்தக் கம்பெனி என்றால் ஸ்டூடியோ, பதிவைக் கலந்து மெருகேற்றும் மிக்ஸிங், மாஸ்டரிங், வீடியோ என்று எல்லாவற்றுக்கும் கைக்காசுதான் முதலில் போகும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். அதற்கு அவர் பெரிய நிறுவனங்களோடு நாடுவாரியாகப் பேசினார். பிரிட்டனில் ஐலண்ட், அமெரிக்காவில் இன்டர்ஸ்கோப்பின் செர்ரிட்ரீ. விற்றுக் கொடுக்கும் வேலை அவர்களுக்கு. என்ன பாட்டு, எந்த வடிவம் என்ற முடிவு இவருக்கு. ஒரே ஆளிடம் எல்லா ஊரையும் எழுதிக் கொடுக்காததால் வேகம் குறைந்தது, பாட்டு கைவிட்டுப் போகவில்லை.

இப்போது 'பாடி டாக்'. முந்தைய ஆல்பத்துக்கும் இதற்கும் ஐந்து வருட இடைவெளி விழுந்திருந்தது. எல்லாம் முடியட்டும் என்று இன்னும் காத்திருக்காமல், தயாரானதைத் தயாரானபடி வெளியிடத் தீர்மானித்தார். ஜூன் 2010இல் முதல் பாகம், எட்டுப் பாட்டு. செப்டம்பரில் இரண்டாம் பாகம், எட்டு. நவம்பரில் முழு ஆல்பம், பதினைந்து. கணக்கு இதுதான்: முதல் பாகத்திலிருந்து ஐந்து, இரண்டிலிருந்து ஐந்து, புதிதாக ஐந்து. ஆறு தடங்கள் முழு ஆல்பத்துக்கு வெளியே நின்றுவிட்டன. நடுவில் மேடைக் கச்சேரிகளும் நடந்தன, பதிவும் நடந்தது. பெரும்பாலான தயாரிப்பு கிளாஸ் ஓலுண்டுடையது.

நான் மிகவும் மெச்சுவது பாகங்களை ஒட்டிய விதத்தை. முதல் பாகத்தில் 'ஹேங் வித் மீ' பாட்டு பீட் எதுவும் இல்லாமல் மின்னணு வாத்தியம் இல்லாத மெல்லிய அகௌஸ்டிக் வடிவத்தில் வந்தது. அதே பாட்டு இரண்டாம் பாகத்தில் சின்த் என்ற மின்னணு வாத்தியத்தோடு முழு வடிவில், சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாகவும் வந்தது. இரண்டாம் பாகத்தை முடித்து வைத்தது 'இன்டிஸ்ட்ரக்டிபிள்', அதுவும் அகௌஸ்டிக்காக. நவம்பரில் நடனப் பாட்டாகத் திரும்பி வந்தது. பாட்டின் எலும்பு எது, சதை எது என்று கேட்பவருக்கு முன்கூட்டியே காட்டிவிட்டார். முழு வடிவம் வரும்போது மெட்டு ஏற்கெனவே வாயில் இருக்கும். மெட்டு தனியாக நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர் இதைச் செய்யத் துணியமாட்டார். முதல் பாகத்தின் கடைசியில் ஒரு பழைய ஸ்வீடிஷ் நாட்டுப்பாட்டையும் வைத்தார். 'அழகிய ரோஜா ஒன்றை நான் அறிவேன்' என்று தொடங்குவது, இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது.

'டான்சிங் ஆன் மை ஓன்' பாட்டை ஹெட்போனில் கேள். ராபினும் பாட்ரிக் பெர்யரும் எழுதியது. சின்த் பேஸ் முதல் நொடியிலேயே மோட்டார் போலத் துடிக்க ஆரம்பிக்கிறது, சின்னச் சின்னச் சம துண்டுகளாக. அதன் மேலே குரலில் கமகமோ இழுப்போ இல்லை. செய்தி சொல்வதுபோல நேராகப் பாடுகிறார். தன்னை விட்டுப் போனவன் வேறொருத்தியோடு இருப்பதை நடனக் கூடத்தின் மூலையில் நின்று பார்க்கிறாள். காலில் ஊசிக் குதிகால் செருப்பு, தரையில் உடைந்த பாட்டில்கள். விளக்கு போட்டுவிட்டார்கள், இசை நின்றுவிட்டது என்று பாடிய பிறகும் பல்லவி திரும்ப வருகிறது. அழுகைக்கு ஆட்டத்தின் வேகத்தைக் கொடுத்ததுதான் இந்தப் பாட்டின் பலம். வேகத்தைக் குறைத்திருந்தால் இது இன்னொரு சோகப் பாட்டாகப் போயிருக்கும். முழு ஆல்பத்தில் வரும் 'கால் யுவர் கேர்ள்ஃபிரண்ட்' இதே கதையின் மறுபக்கம்: புதிதாக வந்தவள், பழைய காதலியிடம் எப்படிப் பேசிப் பிரிய வேண்டும் என்று அவனுக்குப் படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கிறாள். அதன் வீடியோ வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தது. இயக்கியவர் மேக்ஸ் விட்டாலி.

வரவேற்பு எப்படி இருந்தது? 'டான்சிங் ஆன் மை ஓன்' ஸ்வீடனில் முதலிடம், பிரிட்டனில் எட்டாமிடம். அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் நுழையவே இல்லை. ஆனாலும் கிராமி விருதின் சிறந்த நடன இசைப் பதிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஸ்வீடனின் கிராமிஸ் விருது 'பாடி டாக்' ஆல்பத்துக்குக் கிடைத்தது. விமர்சகர்கள் முதல் பாகத்திலிருந்தே கொண்டாடினார்கள். பாட்டின் ஆயுள் பிறகுதான் தெரிந்தது. 2016இல் கேலம் ஸ்காட் என்ற பிரிட்டிஷ் பாடகர் அதையே பியானோவோடு மெதுவாகப் பாடி அங்கே இரண்டாமிடம்வரை கொண்டுபோனார். 2019 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ராபினின் கச்சேரி முடிந்து, கீழே சுரங்க ரயில் நடைமேடையில் கூட்டம் கூட்டமாக ரசிகர்கள் இந்தப் பாட்டைச் சேர்ந்து பாடினார்கள். ரோலிங் ஸ்டோன் இதழ் 2021இல் எல்லாக் காலத்துக்குமான 500 பாட்டுகளை வரிசைப்படுத்தியபோது இது இருபதாவது. முதல் வாரப் பட்டியலை வைத்துப் பாட்டை எடை போட்டிருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

பாகம் பாகமாக வெளியிடுவதில் சிக்கலும் உண்டு. விற்பனை மூன்றாகப் பிரிகிறது, அதனால் ஒவ்வொன்றும் பட்டியலில் உயரம் போவது கடினமாகலாம். முதல் இரண்டையும் வாங்கியவர் முழு ஆல்பத்தை வாங்கினால் பத்துப் பாட்டுக்கு இரண்டாம் முறை காசு கொடுக்கிறார். அதற்காகத்தான் புதிய ஐந்தை மட்டும் மூன்றாம் பாகமாகத் தனியே விட்டார்கள். நீயும் அதைச் செய். அட்டைப்படம், விளம்பரம், பத்திரிகைக்கு அனுப்புவது எல்லாம் மூன்று முறை. உடம்பும் களைத்துப்போகும். ராபினின் அடுத்த முழுத் தனி ஆல்பம் 'ஹனி' வர 2018 ஆனது.

உனக்கு நடைமுறையில் இடிக்கப் போவது எண்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று பன்னிரண்டு எழுத்து-எண் கொண்ட அடையாளம் இருக்கும். அகௌஸ்டிக் வடிவமும் முழு வடிவமும் வேறு வேறு பதிவு. இரண்டுக்கும் தனித்தனி எண். ஆனால் முதல் பாகத்தில் வந்த அதே பதிவை முழு ஆல்பத்தில் திரும்பச் சேர்க்கும்போது பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். பாட்டை ஆன்லைன் கடைகளுக்கு அனுப்பும் விநியோகத் தளம் புது எண்ணைத் தானாகப் போட்டுவிட்டால் கேட்ட கணக்கு இரண்டாக உடையும், ஒன்றாகச் சேர்ப்பது பெரும்பாடு. பார்கோடு எண் மட்டும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிது.

பாட்டுக்கு இரண்டு உரிமை இருப்பதை மறக்காதே. மெட்டும் வரியும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. இங்கே மெட்டுக்கும் வரிக்கும் வசூல் செய்து பிரித்துத் தருவது ஸ்டிம் என்ற சங்கம், 1923இலிருந்து இருக்கிறது. பாட்டு போடும் ஓட்டல்கூட அதற்குக் கட்டணம் கட்டுகிறது. நம் இந்தியாவில் அந்த வேலையை ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் செய்கிறது. யாருக்கு எத்தனை சதவீதம் என்று பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு. பாட்டு ஓடிய பிறகு கேட்டால் தபலா வாசித்தவர் நினைவும் உன் நினைவும் ஒத்துப்போகாது.

இத்தனை சின்ன நாட்டில் இத்தனை பாட்டு எப்படி வருகிறது என்றும் கேட்டிருந்தாய். குளிரும் இருட்டும் காரணம் என்று சொல்வார்கள். நான் அதை அவ்வளவாக நம்பவில்லை. நகராட்சி நடத்தும் இசைப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் வாத்தியம் கற்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் மூன்று பேர் சேர்ந்து 'படிப்பு வட்டம்' என்று பதிவு செய்தால் ஒத்திகை அறை மலிவாகக் கிடைக்கும். டிரம்ஸ் செட்டும் ஆம்ப்ளிஃபையரும் பல இடங்களில் அங்கேயே இருக்கும். வருகைப் பட்டியலை மட்டும் ஒழுங்காக நிரப்பிக் கொடுக்க வேண்டும், மானியம் அதை வைத்துத்தான். சமீபத்தில் அந்த மானியத்தை அரசு வெட்டியிருக்கிறது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

முடிந்த ஐந்தையும் பொங்கலுக்கு முன் விடு. ஆறாவதாக, இன்னும் முடியாத அந்தப் படகுப் பாட்டைக் குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் வைத்துப் பதிவு செய்து கடைசியில் சேர். வேகம் மாறாமல் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் போட்டே பாடு. பிறகு முழு வடிவம் செய்யும்போது குரல் பகுதி உதவும். மிக்ஸ் செய்யாத வேவ் ஃபைலையே எனக்கு அனுப்பு, எம்பி3 வேண்டாம். அம்மாவிடம் சனிக்கிழமை சாயங்காலம் பேசுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அக்கா