'கல்கி களைத்துப்போனார்' என்ற கண்டுபிடிப்பு பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் உங்கள் விமர்சகர் 'சிவகாமியின் சபதம்', 'பார்த்திபன் கனவு' இரண்டையும் தராசில் வைத்து, சபதத்தை எழுதி முடித்த களைப்பில் கல்கி எழுதிய தொடர்ச்சிதான் பார்த்திபன் கனவு, அதனால்தான் முன்னதன் வீச்சு இதில் இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஐயா, பார்த்திபன் கனவு கல்கி இதழில் தொடராக வந்தது 1941 முதல் 1943 வரை. சபதம் தொடங்கியதே 1944இல், முடிந்தது 1946இல். இன்னும் எழுதாத நாவலை எழுதிக் களைத்த எழுத்தாளரைக் கண்டுபிடித்ததற்கு அவருக்கு ஒரு மாலை போடலாம். உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது, அதுதான் வருத்தம்.

இந்த வருஷக் கணக்கு நான் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. அப்பா இங்கே சிங்கப்பூரில், சரக்கேற்றும் தொங்கான் படகில் வேலை பார்த்தவர். ஊரிலிருந்து கப்பலில் வரும் கல்கி இதழை நாலு பேர் காசு சேர்த்து வாங்கி, ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். பார்த்திபன் கனவில் படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் வரும் தோணித்துறை அவருக்கு மனப்பாடம். அப்புறம் ஜப்பான்காரன் வந்துவிட்டான், கப்பலும் இல்லை, கல்கியும் இல்லை. கதையில் வரும் சோழ இளவரசன் விக்கிரமன் என்ன ஆனான் என்று தெரிய சண்டை முடியும்வரை காத்திருந்தேன் என்பார். இளவரசனைச் செண்பகத் தீவுக்குக் கப்பலேற்றும் இடத்தை, ஊருக்குப் போக வழியில்லாமல் மூன்றரை வருஷம் இங்கே கிடந்த மனுஷன் எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு அது எதனுடைய தொடர்ச்சியும் இல்லை.

சபதம்தான் பெரிய நாவல், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பார்த்திபன் கனவில் வருகிற நரசிம்ம சக்கரவர்த்தி வாதாபியை வென்று முடித்த, குறை சொல்ல இடமில்லாத பெரியவர். அவரை எழுதிய பிறகுதான் கல்கி பின்னோக்கிப் போய், அந்த மனுஷன் இளம் வயதில் என்ன பாடு பட்டான், எதை இழந்தான் என்று எழுதுகிறார். வாதாபி எரிந்த பிறகும் சிவகாமியின் கையைப் பிடிக்க முடியாமல் நிற்கிற மாமல்லர், அதே நரசிம்மர்தான், அப்படித்தான் நமக்குக் கிடைத்தார். இது ஒரு எழுத்தாளன் வளர்ந்த கதை. உங்கள் விமர்சகர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தேய்ந்த கதை என்கிறார்.

தொடர்ச்சி, மூலம் என்று ஒப்பிட அவ்வளவு ஆசையென்றால், கல்கியின் பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சியாக எழுத்தாளர் விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி' இருக்கிறதே, அதை எடுத்திருக்கலாம். படம் வந்த சமயத்தில் பக்கம் பக்கமாக நடிகர்கள் நகையைப் பற்றிப் போட்டீர்கள், அப்போதும் அந்த நாவலைப் பற்றி ஒரு வரி இல்லை. அதைக் கேட்டு நான் எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதத்தை மூன்று வரியாக்கி, அந்த மூன்று வரியிலும் விக்கிரமனை 'விக்ரம்' ஆக்கினீர்கள். சரி, அது பழைய கதை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பார்த்திபன் கனவில் மர்மமாக வரும் சிவனடியார் யார் என்பதை உங்கள் விமர்சகர் இரண்டாவது பத்தியிலேயே உடைத்துவிட்டாரே! உயர்நிலை இரண்டில் படிக்கிற என் பேத்திக்கு ஒரு மாதமாகத் தினம் ராத்திரி அந்த நாவலில் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுகிறேன். தமிழ்ப் புத்தகம் என்றாலே தலைவலி என்கிற பிள்ளை, "தாத்தா, அந்தச் சாமியார் யாரு, யாரு?" என்று கேட்கும் அளவுக்கு வந்திருந்தாள். பத்திரிகையும் படித்துப் பழகட்டும் என்று நானே உங்கள் பக்கத்தை அவள் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஓ, இவர்தானா" என்றாள். அன்று ராத்திரி வாசிக்கக் கூப்பிட்டால் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். மூன்றாம் பாகம் இன்னும் தொடவேயில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அந்த இரண்டு நாவல்களும் வந்த வருஷங்களை மட்டும் திருத்திப் போடுங்கள், இரண்டு வரி போதும். தயவுசெய்து அந்தத் திருத்தத்திலும் சிவனடியார் யார் என்று எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்