பழைய வண்டி, புது மீட்டர்: மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மோட்டார் சைக்கிள் நிறுவனங்களின் உதிரிபாகப் பிரிவுக்கும் தொழில்நுட்ப ஆவணப் பிரிவுக்கும் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம்.

என் பழைய வண்டியில் பின்னால் வந்த மாடலின் மீட்டரைப் பொருத்த விவரம் கேட்டு உங்களில் ஒரு நிறுவனத்துக்கு எழுதினேன், தர இயலாது என்று பதில் வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. வேறு வேறு பிராண்ட் வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான் வந்திருக்கிறது. ஆகவே இதை உங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

நான் ஓட்டுவது பழைய 600 சிசி, நான்கு சிலிண்டர் ஸ்போர்ட் பைக். இன்ஜின் இன்னும் முதல்தரம். ஆனால் ஃபேரிங்கின், அதாவது வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறையின், போல்ட் மாட்டும் காதுகள் எல்லாம் உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்துவிட்டன. மீட்டரின் எல்சிடி திரை மங்கி, வெயிலில் ஒன்றுமே தெரிவதில்லை. இரண்டுக்கும் உங்கள் உதிரிபாகக் கவுண்டரில் கேட்டால் 'உற்பத்தி நிறுத்தப்பட்டது' என்கிறார்கள். சரி, அதே வரிசையில் பின்னால் வந்த மாடலின் ஃபேரிங், ஹெட்லைட், மீட்டர் எல்லாம் கிடைக்கின்றனவே என்று அவற்றை வாங்கினேன். காசு கொடுத்து, உங்கள் முத்திரை போட்ட அசல் பாகங்களைத்தான் வாங்கினேன். பிறகு உங்களில் ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன்: இந்த மீட்டரின் கனெக்டரில் எந்த பின் (வயர் சேரும் முனை) எதற்கு, அது என்ன சிக்னலை எதிர்பார்க்கிறது?

வந்த பதிலின் சாரம் இது: உங்கள் சேஸிஸ் எண்ணுக்கு இந்தப் பாகம் பொருந்தாது, பொருந்தாத பாகம் பற்றித் தகவல் தர இயலாது.

பொருந்துகிற பாகத்தைச் செய்வதை நிறுத்தியவர்களும் நீங்களே, பொருந்தாத பாகத்தைப் பொருத்தும் வழியைச் சொல்ல மறுப்பவர்களும் நீங்களே. அப்படியென்றால் ஓடுகிற வண்டியை நான் என்னதான் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

மீட்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். உங்களுக்குத் தெரியாதது இதில் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எப்படி இருக்கிறது என்பது தெரிய வேண்டும்.

பழைய வண்டியில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வயர். ஆர்பிஎம்முக்கு ஒரு வயர். நான்கு சிலிண்டர் வண்டியில் பெரும்பாலும் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு துடிப்பு. வேகத்துக்கு, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் சென்சாரிலிருந்து வரும் துடிப்பு. கூலன்ட் சூட்டுக்கு, சூடு ஏற ஏற மின்தடை இறங்கும் ஒரு சென்சார். பல ஜப்பானிய வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவில் இருப்பது 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வந்துவிடும். நியூட்ரலும் ஆயில் பிரஷரும் வெறும் எர்த் சுவிட்ச். ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் யாரும் புரிந்துகொள்ளலாம்.

புது மீட்டர் அப்படி இல்லை. மேசைமேல் வைத்து நிரந்தர சப்ளை, சாவி சப்ளை, எர்த் மூன்றையும் கொடுத்தால் விளக்கெல்லாம் எரிகிறது. ஆர்பிஎம் முள் கடைசிவரை ஓடிப் போய்த் திரும்புகிறது. உடனே திரையில் ஒரு கோளாறு எண் வருகிறது, முள் பூஜ்யத்தில் படுத்துவிடுகிறது. அதற்கு வேண்டிய தகவல் எல்லாம், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே வயரில் வர வேண்டும். வண்டியின் மின்னணுப் பாகங்கள் இப்படி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறைக்குக் கேன் (CAN) என்று பெயர். அதை பாஷ் நிறுவனம் 1986-இலேயே அறிமுகப்படுத்திவிட்டது. அதில் ரகசியம் ஏதுமில்லை. இரு முனையிலும் 120 ஓம் தடை, ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண், அதற்குப் பின்னால் அதிகபட்சம் எட்டு பைட் தகவல். இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எந்த எண்ணில் எந்தத் தகவலை எந்தக் கணக்கில் அனுப்புகிறீர்கள் என்பதை மட்டும்தான் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

அதனால் நாங்கள் திருட்டுத்தனமாக ஒட்டுக் கேட்பதுபோல் உட்கார வேண்டியிருக்கிறது. புது மாடல் வைத்திருக்கும் நண்பரின் வண்டியில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டை மாட்டி, ஓடும் எண்களைப் பதிவு செய்கிறோம். த்ராட்டிலைத் திருகினால் எந்த பைட் ஆடுகிறதோ அது ஆர்பிஎம்மாக இருக்கலாம். பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கிச் சுற்றவிட்டால் வேகம் பிடிபடும். அதுவரை சுலபம். சூடு அப்படி இல்லை. மெதுவாக ஏறும் ஒரு பைட்டைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அதில் எதைக் கழித்தால் டிகிரி வரும்? பல வாகனங்களில் 40-ஐக் கழிப்பது வழக்கம். உங்கள் மீட்டரிலும் அதே வழக்கமா என்று யார் சொல்வது? எச்சரிக்கை விளக்கு இன்னும் மோசம். ஒவ்வொரு பிட்டாக மாற்றி அனுப்பி, எந்த விளக்கு எரிகிறது என்று மேசையில் பார்க்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அசல் வண்டியில் எத்தனை டிகிரியில் அந்த விளக்கு எரிகிறது என்று தெரிய, நண்பரின் இன்ஜினை வேண்டுமென்றே கொதிக்கவிட வேண்டும். எந்த நண்பரிடம் போய் அதைக் கேட்பது? சில மீட்டர்கள், செய்தி குறிப்பிட்ட இடைவெளியில் வந்துகொண்டே இருக்காவிட்டால் இணைப்பு அறுந்ததாக எடுத்துக்கொண்டு கோளாறு காட்டுகின்றன. அந்த இடைவெளி எவ்வளவு? அதுவும் ஊகம்தான்.

இதன் விளைவைச் சொல்கிறேன். எண்ணெய் அழுத்தமும் இன்ஜின் சூடும் சரியாகக் காட்டாத மீட்டரோடு வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. முள் அழகாக ஆடுகிறது, வேகம் சரியாக வருகிறது, 'எல்லாம் வேலை செய்கிறது' என்று நம்பி ஓட்டுகிறார்கள். போக்குவரத்தில் நின்று இன்ஜின் கொதிக்கும்போது அந்தத் திரை வாயைத் திறப்பதில்லை. கேட்டால் 'பாதுகாப்புக் கருதித்தான் தகவல் தருவதில்லை' என்கிறீர்கள். ஐயா, அந்த ஆபத்தை உண்டாக்கியதே நீங்கள் தராத அந்த ஒரு பக்கக் காகிதம்தான்.

ஆகவே என் கோரிக்கை: உற்பத்தி நிறுத்திய மாடல்களுக்கும் அவற்றின் வாரிசு மாடல்களுக்கும், மீட்டர் கனெக்டரின் பின் விவரத்தையும், மீட்டர் கேட்கும் கேன் செய்திகளின் பட்டியலையும் பொதுவில் வெளியிடுங்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் உள்ளே இருக்கும் எரிபொருள் கணக்கைக் கேட்கவில்லை. சரியான சாவி இல்லாமல் வண்டி கிளம்பாதபடி தடுக்கும் இம்மொபைலைசரின் சாவிக் குறியீட்டைக் கேட்கவில்லை. புகை விதியை ஏமாற்றும் வழியையும் கேட்கவில்லை. மீட்டர் காதில் என்ன விழ வேண்டும் என்பதை மட்டும் கேட்கிறேன்.

கிலோமீட்டர் கணக்கு இன்னொரு தலைவலி. ஓடிய தூரம் மீட்டருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. வேறு வண்டியிலிருந்து கழற்றிய மீட்டரை மாட்டினால் அந்த வண்டியின் கணக்கை என் வண்டி காட்டும். புத்தம்புது மீட்டரை மாட்டினால் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். இரண்டுமே பொய். நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குகிறவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்றாலும் நம்புவார்களா? உண்மையான தூரத்தைப் புது மீட்டரில் ஏற்றித் தரும்படி நேர்மையாகக் கேட்பவருக்கு உங்கள் சர்வீஸ் சென்டரில் வழியில்லை. ஆனால் குறைத்துக் காட்ட நினைப்பவருக்கு வெளியே ஆள் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. பழைய மீட்டரைக் கையில் வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, புதிதில் பதிந்து, அதற்கு ஒரு சான்று கொடுப்பது உங்களுக்குப் பெரிய வேலையா?

ஃபேரிங்கைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஹெட்லைட்டையும் மீட்டரையும் தாங்கும் ஸ்டே என்ற உலோகச் சட்டம், ஃப்ரேமின் ஸ்டீயரிங் தலையில் போல்ட் போட்டு நிற்கிறது. பல ஸ்போர்ட் பைக்குகளில் இன்ஜினுக்கான காற்று சேரும் பெட்டியான ஏர்பாக்ஸுக்குப் போகும் காற்றுக் குழாயும் முன்பக்கம் வழியாகத்தான் வருகிறது. போல்ட் துளைகளின் இடைவெளி தெரியாமல் வெல்டிங் கடையில் கண்ணளவில் ஒரு பிராக்கெட் அடித்தால் என்ன ஆகும்? ஹெட்லைட் இரண்டு விரல் உயர்ந்துவிடும், எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்தால் பிரேக் ஆயில் டப்பா ஃபேரிங்கில் இடிக்கும். மெதுவாகத் திரும்பும்போது அப்படி இடித்தால் வண்டியோடு விழ வேண்டியதுதான். ஒரே ஒரு அளவு வரைபடம் இருந்தால் இத்தனையையும் தவிர்க்கலாம். அது உங்கள் கணினியில் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கிறது.

'வண்டியை மாற்றுவது எங்கள் கொள்கைக்கு விரோதம்' என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் சொல்கிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போகிறது. யமஹா ஆர்6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் வந்த வண்டி, 2008-இலிருந்து வந்த இன்ஜினையும் பிரதான ஃப்ரேமையும் பெருமளவு அப்படியே வைத்துக்கொண்டு, ஆர்1 சாயலில் புது முகமும் புது எலக்ட்ரானிக்ஸும் போட்டு வந்தது. கவாஸாகியின் 2019 இசட்எக்ஸ்-6ஆர் 636-உம் அப்படித்தான்: 2013-இல் வந்த வண்டியின் அடித்தளம், மேலே புது உடல், எல்இடி விளக்கு, புது மீட்டர். இரண்டும் அருமையான வண்டிகள், நான் குறையே சொல்லவில்லை. நல்ல இன்ஜினையும் நல்ல ஃப்ரேமையும் தூக்கிப் போடாமல் காலத்துக்கேற்ற உடலைப் போடுவது சரியான பொறியியல் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். அதையேதான் ஒருவர் தன் வண்டிக் கொட்டகையில், தன் சம்பளப் பணத்தில், தன் ஞாயிற்றுக்கிழமையில் செய்கிறார். தொழிற்சாலையில் நடந்தால் அது புது மாடல், எங்கள் கொட்டகையில் நடந்தால் கொள்கை மீறலா?

பூமி, பசுமை, நீடித்த பயன்பாடு என்று உங்கள் ஆண்டறிக்கைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். ஒரு இன்ஜினையும் அலுமினிய ஃப்ரேமையும் உருக்கி வார்த்துச் செய்ய எவ்வளவு மின்சாரமும் உலோகமும் செலவாகும் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். அவை இரண்டும் நன்றாக இருக்கும்போது, ஒரு எல்சிடி திரையும் சில பிளாஸ்டிக் காதுகளும் போனதற்காக வண்டியே காயலாங்கடைக்குப் போகிறது. காயலாங்கடையில் வரிசையாக நிற்கும் ஸ்போர்ட் பைக்குகளை ஒருநாள் வந்து பாருங்கள். கையால் தள்ளினால் செயின் சுற்றுகிறது, கியர் விழுகிறது. முகம் மட்டும் இல்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிகள் மேல் பிரியம் இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். புது வண்டி வாங்க வழியில்லாமல் மட்டும் பழையதைக் கட்டி அழவில்லை. அந்த இன்ஜின் மேல்சுற்றில் எழுப்பும் குரல் எனக்குப் பிடிக்கும். அதைச் செய்தவர்கள் உங்களிடம் வேலை பார்த்தவர்கள்தான்.

முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதி வந்தபோது ஐஎஸ்ஓ 19689 தரத்தின்படி கோளாறு கண்டறியும் கருவிக்கு ஒரே மாதிரியான ஆறு பின் கனெக்டரை வைத்தீர்கள். அதுவரை ஆளுக்கொரு கனெக்டர் வைத்திருந்தவர்கள்தானே? கட்டாயம் வந்ததும் முடிந்தது. கட்டாயம் இல்லாமலும் ஒருமுறை செய்து காட்டலாமே.

பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: மீட்டரின் பின் விவரத்தையும் கேன் செய்திப் பட்டியலையும் வெளியிடுங்கள். முன்பக்க ஸ்டேயின் போல்ட் அளவுகளைக் கொடுங்கள். உண்மையான கிலோமீட்டரைப் பதிந்து தர ஒரு முறையை ஏற்படுத்துங்கள். 'இந்த மாற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று ஒவ்வொரு பக்கத்திலும் கொட்டை எழுத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள். அதன் கீழே நான் கையெழுத்துப் போடத் தயார். சில மாடல்களில் இம்மொபைலைசரும் மீட்டரும் பிணைந்திருப்பதால் திருட்டுப் பயம் இருக்கிறது என்றால், வண்டியின் ஆவணத்தையும் என் அடையாளத்தையும் சரிபார்த்த பிறகே கொடுங்கள். அதற்கும் சம்மதம். ஆவணத்துக்கு நியாயமான கட்டணம் வைத்தாலும் கட்டுகிறேன்.

இந்த முறை சேஸிஸ் எண்ணைக் கேட்டு ஆரம்பிக்காத ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டியை இன்னும் பல வருடம் ஓட்ட விரும்பும் ஒரு வாடிக்கையாளர்