சேர்வரை மாற்றமுதல் பயனர் தரவுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் மின்னஞ்சல் சேர்வரையும் அலுவலக உள்ளகத் தொடர்பாடல் சேர்வரையும் புதுப்பிக்கும் வேலை இப்போது பல இடங்களில் நடக்கிறது. மின்னஞ்சலுக்கான எக்ஸ்சேஞ்ச் 2016, 2019, உள்ளகத் தொடர்பாடலுக்கான ஸ்கைப் போர் பிஸ்னஸ் சேர்வர் 2015, 2019 ஆகியவற்றுக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. ஆகவே மாற்றத்தான் வேண்டும். இந்த வேலையைச் செய்து சீவிப்பவன் என்பதால் எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் கண்ணில் படும் விலைக்கூறல்களைப் பார்க்கையில் மனம் பதறுகிறது. இயந்திரத்துக்கு ஒரு வரி, லைசன்சுக்கு ஒரு வரி, பொருத்துகூலிக்கு ஒரு வரி இருக்கும். அந்தச் சேர்வரில் வேலை செய்யும் ஆட்களின் தரவை யார் பிரதி எடுப்பது, எங்கே வைப்பது, திரும்பப் போட்டுப் பார்ப்பது யார் என்பதற்கு ஒரு வரியும் இருக்காது.

“பக்அப் இருக்குத்தானே?” என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். எதனுடைய பக்அப் என்று கேட்டால் பதில் வராது. ஸ்கைப் போர் பிஸ்னஸையே பாருங்கள். ஒருவருடைய கணக்கு, அலுவலகப் பயனர்களின் பெயரேடான அக்டிவ் டிரெக்டரியில் இருக்கிறது. ஆனால் அவர் வருடக்கணக்காகச் சேர்த்த தொடர்புப் பட்டியலும், அதைப் பிரித்து வைத்த குழுக்களும், நாள் குறித்து அழைப்பு அனுப்பிய கூட்டங்களும் சேர்வரின் எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. கூட்டத்தில் ஏற்றிய கோப்புகள் பகிர்வுக் கோப்புறையில். சேமிக்கப்பட்ட உரையாடல்கள் இன்னொரு தரவுத்தளத்தில். சில அலுவலகங்களில் தொடர்புப் பட்டியலை எக்ஸ்சேஞ்சோடு இணைத்திருப்பார்கள். அப்போது அது அஞ்சல்பெட்டிக்குள் போய்விடும். இதில் ஏதாவது ஒன்றை மட்டும் பிரதி எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல முடியாது.

இங்குள்ள ஒரு தனியார் நிறுவனத்தில், வேறு ஆட்கள் மேம்படுத்தலை முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வரவேற்பு மேசையில் இருந்த அக்காவின் திரையில் அவருடைய பெயர் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது, பட்டியலில் மட்டும் ஒருவரும் இல்லை. கொழும்பு ஆட்கள் ஒரு குழு, வாகன ஓட்டுநர்கள் ஒரு குழு, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் இன்னொரு குழு என்று அவர் அடுக்கி வைத்த அத்தனையும் போய்விட்டன. நடந்தது இதுதான். பயனர்களைப் பழைய பூலிலிருந்து (அவர்களுக்குச் சேவை தரும் சேர்வர் தொகுதியிலிருந்து) புதியதற்கு நகர்த்தும் கட்டளை பிழை காட்டியிருக்கிறது. பிழை ஏன் வந்தது என்று பாராமல் ‘ஃபோர்ஸ்’ என்ற சொல்லைச் சேர்த்துத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள். அப்படி ஓட்டினால் கணக்கு மட்டும் நகரும். தொடர்புகளும் குறித்து வைத்த கூட்டங்களும் கூட வரா. முன்கூட்டியே ‘எக்ஸ்போர்ட்-சிஎஸ்யூசர்டேட்டா’ கட்டளையை ஒருமுறை ஓட்டியிருந்தால் எல்லாருடைய தரவும் சுருக்கிய ஒரு சிப் (zip) கோப்பில் வந்திருக்கும். ஸ்கைப் போர் பிஸ்னஸின் முன்னைய பதிப்பான லிங்க் 2013 காலத்திலிருந்தே உள்ள கட்டளை அது. பழைய சேர்வரிலிருந்தாவது எடுக்கலாம் என்று தேடினேன். அதன் டிஸ்க்குகளை அழித்துச் சிசிரிவி பதிவுக்குப் போட்டுவிட்டார்கள்.

இது சின்ன நிறுவனங்களின் பிரச்சினை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தீநிரல்) தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல் எக்ஸ்சேஞ்ச் 2013 இல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு அதே ஆண்டு ஏப்ரலில் முடிந்துவிட்டது. மேம்படுத்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு மீட்கத்தக்க பிரதி இல்லாமல், ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதற்குள் அடக்கம். நாட்டின் தலைமை அலுவலகங்களுக்கே அந்தக் கதி என்றால், ஒரு பெடியனை மட்டும் வைத்து முழுக் கணினிப் பிரிவையும் நடத்தும் எங்களூர் அலுவலகங்கள் இன்னும் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

அப்புறம், சேர்வரில் இல்லாத தரவும் உண்டு. அஞ்சல்பெட்டி நிரம்பியதும் பழைய கடிதங்களைப் பிஎஸ்ரி கோப்பாக்கித் தம் கணினியின் டி டிரைவில் போட்டு வைப்பவர்கள் ஏராளம். சேர்வரை எவ்வளவு ஒழுங்காகப் பிரதி எடுத்தாலும் அது அகப்படாது. சேர்வரோடு சேர்த்து மேசைக் கணினிகளையும் மாற்றும் இடங்களில் பத்து வருடக் கடிதப் போக்குவரத்து குப்பைக்குப் போகிறது. அஞ்சல்பெட்டியின் பிரதியாக அவுட்லுக் கணினியில் வைத்திருக்கும் ஓஎஸ்ரி கோப்பு இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அது சேர்வரின் நிழல்தான்; அவுட்லுக்கில் புதிய புரொபைல் போட்டதும் அது பயன்படாது. ஆகவே ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்க வேண்டும். லிகிதரையும் கேட்க வேண்டும், கணக்காளரையும் கேட்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழி கிடையாது.

எடுத்த பிரதி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பல இடங்களில் அதே அறையில், அதே வலையமைப்பில், அதே நிர்வாகிக் கடவுச்சொல்லோடு அது இருக்கிறது. ரான்சம்வெயார் வந்தால் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டுப் போகும். காணி உறுதியின் ஒரு பிரதியைச் சகோதரி வீட்டிலும் கொடுத்து வைக்கிற ஊர் இது. அதே மாதிரி ஒரு டிஸ்க்கைக் கழற்றி, கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்து, வேறு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். அதற்குள் ஊழியர்களின் அந்தரங்கமும் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட நாட்டில் அதை மேசை லாச்சியில் போட்டு வைப்பது சரியல்ல. இரவில் ஓடும் பக்அப் இடையில் கரண்ட் போய் அரைகுறையாக நின்றிருக்கவும் கூடும். காலையில் வந்ததும் ஒருவர் பதிவைத் திறந்து பார்க்க வேண்டும்.

நிறுவனத் தலைவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த விலைக்கூறலில் கையெழுத்து வைக்கமுதல், மாற்றம் செய்யப்போகும் கம்பனியிடம் ஒரேயொரு பயனரின் தரவை எடுத்து, சோதனைச் சேர்வரில் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சரியாக வந்திருக்கிறதா என்பதை அந்தப் பயனரே இருந்து பார்க்கட்டும். தன் பட்டியலில் யார் யார் இருந்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். கடைசிப் பிரதியை மாற்றத்துக்கு முதல் நாள் வேலை முடிந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். போன கிழமை எடுத்தது போதாது. பழைய சேர்வரை உடனே அழிக்க விடாதீர்கள். குறைந்தது ஒரு மாதச் சம்பளமும் மாத முடிவுக் கணக்கும் புதியதில் ஓடி முடியும்வரை அது ஒரு மூலையில் அணைந்தபடி இருக்கட்டும். இவற்றுக்கான கூலியை விலைக்கூறலில் தனி வரியாகப் போடச் சொல்லி, அதைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுங்கள்.

இங்ஙனம்,
சேர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
கொக்குவில்.