அந்த நாய்கள் என்ன ஆயின? விலங்காய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

விலங்குகளின் மீது நடத்தப்படும் ஆய்வுகளுக்கு ஒப்புதல் வழங்கும் நெறிமுறைக் குழுக்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உங்களைப் போன்றதொரு குழுவின் ஒப்புதலோடு நாய்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்றைக் குறித்து ஓர் ஆய்வகத்துக்கு அண்மையில் எழுதியிருந்தேன். மருந்தின் சேர்க்கையையோ நிறுவனத்தின் வரவு செலவையோ நான் கேட்கவில்லை. ஆய்வு முடிந்தபின் அந்த நாய்கள் என்ன ஆயின என்று மட்டுமே கேட்டிருந்தேன். அது வணிக இரகசியம் என்று பதில் வந்தது. ஒரு நாய் உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்வதால் எந்தப் போட்டி நிறுவனம் என்ன ஆதாயம் அடைந்துவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை. அந்த ஆய்வகத்தோடு வாதாடிப் பயனில்லை. ஒப்புதல் தரும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: உங்கள் ஒப்புதலின்கீழ் பயன்படுத்தப்படும் ஒவ்வொரு நாயின் முடிவையும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் வெளியிடச் செய்யுங்கள்.

நாய்களால் மருத்துவம் பெற்ற நன்மைகளை நான் மறுக்க வரவில்லை. கணையத்தை அகற்றினால் நீரிழிவு வரும் என்பதை 1889இல் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் உடலில்தான் கண்டார்கள். 1921இல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் செய்த சோதனைகளின் தொடக்க வாரங்களில் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அதன்பின்தான் இன்சுலின் கிடைத்தது. இந்த வரலாற்றை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், கேள்வி எழும்போதெல்லாம் எடுத்தும் சொல்கிறீர்கள். ஆனால் அதே வரலாற்றில் நீங்கள் அவ்வளவாகச் சொல்லாத ஒரு செய்தியும் இருக்கிறது. டொரான்டோவின் 33ஆம் எண் நாய்க்கு மார்ஜரி என்று பெயர் இருந்ததும், கணையம் இல்லாமல் அது சுமார் 70 நாள் உயிர்வாழ்ந்ததும் இன்று நமக்குத் தெரியும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் விவியன் தாமஸ் இதய அறுவை முறையைச் செம்மைப்படுத்திய காலத்து நாயான ஆனாவின் உருவப்படம் அந்த நிறுவனத்தின் சுவரிலேயே இடம்பெற்றது. கணினி இல்லாத காலத்தின் நாய்கள் பெயரோடு நினைவில் நிற்க, எல்லாமே கணினியில் ஏறும் இக்காலத்தின் நாய்களைப் பற்றிக் கேட்டால் இரகசியம் என்கிறார்கள்.

ஆய்வக நாய்களுக்கு நேர்ந்தவற்றுள் பொதுமக்களுக்குத் தெரியவந்த கசப்பான உண்மைகள் பெரும்பாலும் வெளியாட்களின் வழியாகவோ காலம் கடந்தோதான் வந்திருக்கின்றன. 1903 பிப்ரவரியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் விரிவுரைக் கூடத்தில் ஒரு சிறிய பழுப்பு நிற நாய் மேசையில் கட்டப்பட்டிருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் உடலியல் பேராசிரியர் ஸ்டார்லிங் அதன் வயிற்றைத் திறந்து ஓர் அறுவை செய்திருந்தார். அன்று அந்த வயிற்றை மீண்டும் திறந்து பார்த்துவிட்டு, வேறொரு செயல்விளக்கத்துக்காகச் சக உடலியலாளர் பேலிஸிடம் ஒப்படைத்தார். ஒரு சோதனைக்கு உட்பட்ட விலங்கை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவதை 1876ஆம் ஆண்டின் பிரிட்டன் சட்டம் பொதுவாக அனுமதிக்கவில்லை. இந்தக் கைமாற்றம் வெளியே தெரிந்தது எப்படி? பார்வையாளர் வரிசையில் லிசி லிண்ட் அஃப் ஹாகபி, லீசா ஷார்ட்டாவ் என்ற இரண்டு ஸ்வீடன் பெண்கள் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினார்கள். நாய்க்குச் சரியாக மயக்கம் கொடுக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டின் மீது பேலிஸ் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார், 2,000 பவுண்டு இழப்பீடும் பெற்றார். அதை நான் மறைக்கவில்லை. ஆயினும் அந்த நாய் கைமாறிய கதை அவர் வென்ற அதே நீதிமன்றத்தில்தான் பதிவானது. இன்றைய உங்கள் ஆய்வகங்களில் பார்வையாளர் வரிசை என்று ஒன்று கிடையாது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 என்ற சோவியத் விண்கலத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட லைக்கா என்ற நாய் பல நாள் உயிரோடு இருந்து வேதனையின்றி இறந்ததாகவே உலகம் நெடுங்காலம் நம்ப வைக்கப்பட்டது. கலத்தின் வெப்பம் தாங்காமல் அது சில மணி நேரத்திலேயே இறந்துபோனது என்ற விவரம் 2002இல்தான் முழுமையாக வெளிவந்தது. ஒரு நாய் எப்போது இறந்தது என்று சொல்ல 45 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பழைய கதைகளை ஏன் கிளறுகிறாய் என்று கேட்பீர்களானால், அண்மைக்கே வருகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கம்பர்லாந்து என்ற இடத்தில் ஆய்வகங்களுக்காகப் பீகிள் நாய்களை வளர்த்து விற்றுவந்த என்விகோ பண்ணைக்கு 2021இல் அரசு ஆய்வாளர்கள் போனார்கள். அவ்வாண்டின் முதல் ஏழு மாதங்களில் அங்கே 300க்கும் மேற்பட்ட குட்டிகள் இறந்திருந்தன. அவற்றின் இறப்புக்குக் காரணம் தெரியவில்லை என்று பதிவாகியிருந்தது. பாலூட்டிக்கொண்டிருந்த தாய் நாய்களுக்கு உணவு நிறுத்தப்பட்டிருந்தது. குட்டிகள் முலையை முட்டிக்கொண்டிருக்க, தாயின் உணவுத் தட்டு காலியாக இருந்த ஒரு கூண்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பண்ணை நோயை ஆராயவில்லை, மருந்தைச் சோதிக்கவில்லை. ஆய்வகத்துக்கு நாயை வளர்த்துத் தருவது ஒன்றே அதன் வேலை. அறிவியலுக்காகப் பிறப்பிக்கப்பட்ட உயிர்கள் அறிவியல் தொடங்குவதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தன, ஏன் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. 2022இல் நீதிமன்றம் தலையிட்டு சுமார் 4,000 நாய்கள் வெளியே கொண்டுவரப்பட்டன. 2024இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 3.5 கோடி டாலருக்கும் மேல் செலுத்த இசைந்தது. தண்டனை வந்தது, சரி. அந்தக் குட்டிகளின் பெயரில் எந்தக் குறிப்பும் வரவில்லை.

வெளியே வந்த நாய்களின் காதின் உட்புறத்தில் எண் பச்சை குத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாயையும் தனித்தனியே அடையாளம் காணும் ஏற்பாடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எடை, உணவு, கொடுத்த மருந்தளவு, இரத்தப் பரிசோதனை என்று நாளுக்கு நாள் எழுதப்படும் ஏடுகளில் கடைசி வரியும் நிச்சயம் இருக்கும். புதிதாக எதையும் எழுத நான் கேட்கவில்லை. எண்ணுக்கு எதிரே இருக்கும் அந்தக் கடைசி வரியை வெளியிடச் சொல்கிறேன். ஆய்வாளர்களுக்கு மிரட்டல் வரும் என்ற அச்சம் நியாயமானது, ஆகவே பணியாளர் பெயரோ கட்டடத்தின் முகவரியோ வேண்டாம். சில நாடுகள் ஆண்டுதோறும் மொத்த எண்ணிக்கையை வெளியிடுகின்றன; அது நல்ல தொடக்கம் என்றாலும், தொகையாகச் சொல்லும்போது தனியொரு நாயின் முடிவு கண்ணில் படுவதில்லை.

சிலை வைப்பதில் மட்டும் அறிவியல் உலகம் ஒருபோதும் தயங்கியதில்லை. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் நிறுவனத்தில் 1935இலேயே நாய்க்கு நினைவுச்சின்னம் எழுந்தது, லைக்காவுக்கு 2008இல் மாஸ்கோவில் எழுந்தது. லண்டனின் பாட்டர்சீயில் 1906இல் அந்தப் பழுப்பு நாய்க்கு விலங்குச் சோதனை எதிர்ப்பாளர்கள் நிறுவிய சிலையில் மட்டும், இவை இன்னும் எத்தனை காலத்துக்கு என்று ஒரு கேள்வியைச் செதுக்கியிருந்தார்கள். மருத்துவ மாணவர்கள் கலவரம் செய்தார்கள், காவலுக்குப் போலீஸ் நின்றது, 1910இல் இரவோடிரவாகச் சிலையே அகற்றப்பட்டது. நன்றி சொல்லும் சிலை நிற்கலாம், கேள்வி கேட்கும் சிலை நிற்கக் கூடாது போலும். கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டைத் திறந்தால் உங்களுக்கே ஒரு பயன் உண்டு. எல்லா ஆய்வுகளிலும் நாயைக் கொன்று உறுப்புகளைப் பார்க்கவேண்டிய தேவை இருப்பதில்லை; மருந்து இரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை மட்டும் அளக்கும் ஆய்வுகளில் நாய்கள் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. அத்தகைய நாய்களை வீடுகளுக்குத் தத்துக் கொடுக்க முன்வர வேண்டும் என்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2014இல் சட்டமே இயற்றியது. எத்தனை நாய்கள் வீடு போயின, எத்தனை கொல்லப்பட்டன என்பது வெளியில் தெரிந்தால், கொல்லத் தேவையில்லாத இடத்தில் கொல்லும் பழக்கம் தானாகக் கேள்விக்குள்ளாகும். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப்பின் புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையே மாறியிருக்கும்போது, நாய் இல்லாமல் முடியாது என்று சொல்லும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடைபோட உங்களுக்கும் இந்த விவரங்கள் தேவைப்படும்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இனி வரும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒப்புதல் தரும்போது, நாய்களின் முடிவை எண்வாரியாக வெளியிடுவதை ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். முடிந்துபோன ஆய்வுகளின் ஏடுகளையும், குறைந்தது கடந்த பத்தாண்டுகளுக்காவது, இதே முறையில் வெளியிட ஆய்வகங்களுக்கு உத்தரவிடுங்கள். இயலாது என்று நீங்கள் கருதினால், அதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள். வணிக இரகசியம் என்ற ஒன்றைத் தவிர வேறு எந்தக் காரணத்தையும் பொறுமையாகப் படித்துப் பதில் எழுத அணியமாயிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்நோக்கும் ஒரு வாசகர்