தேம்ஸ் கரையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

சதர்க் தேவாலயத்துக்குப் பக்கத்தில் அறை கிடைத்ததாக எழுதியிருந்தாய். படித்ததும் நான் நகலெடுத்து வைத்திருந்த ஹோலர் படத்தை எடுத்துப் பாயில் விரித்துவிட்டேன்.

வென்செஸ்லாஸ் ஹோலர் பிராக் நகரத்துக்காரர், 1607இல் பிறந்தவர். உன் அறைக்குப் பக்கத்துக் கோபுரத்தில் ஏறி நின்றால் லண்டன் எப்படித் தெரியுமோ, அப்படி வரைந்தார். ஆறு பெரிய தாள்களை ஒட்டினால்தான் ஊர் முழுதும் வரும். ஆற்றில் படகுகள், பாலத்தின் மேலேயே நெருக்கிக் கட்டிய வீடுகள், அக்கரையில் தேவாலயங்கள். ஒன்றையும் பெயரில்லாமல் விட மனமில்லாதவர் போல எழுதிக்கொண்டே போகிறார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஊர்ப்படம் அச்சடிப்பது பெரிய தொழில். ஃபிராங்க்ஃபர்ட்டில் மேரியன் என்ற பதிப்பாளர் 1642 முதல் ஜெர்மன் ஊர்களைப் படம்படமாகப் புத்தகம் போட்டார். முப்பதாண்டுப் போரில் ஊர்கள் எரிந்துகொண்டிருந்த நேரம். எங்கள் மதில், எங்கள் கோபுரம் என்று காட்ட மக்களுக்கு ஒரு தாளாவது வேண்டியிருந்தது.

லண்டன் படத்தை ஹோலர் லண்டனில் கீறவில்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஆண்ட்வெர்ப்புக்குப் போனவர், முன்பு வரைந்த ஓவியங்களை வைத்து அங்கே கீறினார். 1647இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது.

செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகம் ஊற்ற வேண்டும். தாளில் நேராக விழ, தகட்டில் எல்லாம் இடவலம் மாறியிருக்கணும். முப்பது வருஷம் ஈய எழுத்தைத் திருப்பிப் படித்த கண் என்னுடையது. ஒரு ஊரையே திருப்பி வரைவதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது. அதில் ஒரு பிழையும் உண்டு: குளோப் நாடக அரங்கின் பெயரும் கரடிச் சண்டைக் கொட்டகையின் பெயரும் இடம் மாறிவிட்டன. புரூஃப் பார்த்தவனுக்கு அது வலிக்கும். ஆனால் கட்டடங்கள் சரி. குளோப் எப்படி இருந்தது என்று தேடுகிறவர்கள் இன்றும் அவர் கோட்டைத்தான் நம்புகிறார்கள்.

1666இல் லண்டனை எரித்த பெருந்தீயில் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் போயின. லண்டனுக்குத் திரும்பியிருந்த ஹோலர், அதே கோபுரத்திலிருந்து தெரியும் ஊரை ஒரே தாளில் இரண்டு முறை காட்டினார்: மேலே எரிவதற்கு முன், கீழே எரிந்த பின். கீழ்ப்படத்தை என்னால் ரொம்ப நேரம் பார்க்க முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் போய், வடக்கே பார்த்து நின்று, இடமிருந்து வலமாக ஆறு படம் எடுத்து அனுப்பு பாப்பா. எது என்ன கட்டடம் என்று பெயர் எழுதி அனுப்பு. மாறிப்போனாலும் பரவாயில்லை.

அப்பா