ஒழுங்கைக்குள்ள வாற ரவர்

மச்சான்,

ரெண்டு மாசமாப் பதில் போடேல்லை, ஏச்சை நேர வரேக்க வாங்கிக்கொள்ளுறன். இஞ்ச எல்லாரும் சுகம். ஒழுங்கைக்குள்ள வரப்போற போன் ரவரைப் பற்றின உன்ர பெட்டிசன் கிடைச்சது. முதல் வரியே ரவரால மூளைப் புற்றுநோய் வருமெண்டு! அதுக்குக் கையெழுத்து வைக்க மாட்டன்.

முட்டை வாத்தியாற்ர கணக்கு மாதிரிப் போட்டுப் பாப்பம். ஒரு அன்ரெனாவுக்கு 20 வாட் எண்டு வை. ஒரு பக்கத்துக்குக் குவிக்கிறதால நேர் முன்னுக்கு 50 மடங்கு, 1000 வாட் மாதிரி. 100 மீற்றர் தள்ளி அது சதுர மீற்றருக்கு 0.008 வாட். போன் அலைவரிசை 900 மெகாஹேர்ட்ஸுக்கு, சனத்தில படலாமெண்ட சர்வதேச எல்லை 4.5 வாட். இந்தியா 2012இல 0.45 ஆக்கினது, அதையும் தொடாது. நாலு கொம்பனி ஏறினாக் கூட்டிப் பார், அப்பவும் அப்பிடித்தான்.

பள்ளிக்கூடத்துக்கு 300 மீற்றர் தள்ளிப் போடச் சொல்லி எழுதினாய் பார், அங்கதான் பிழை. பருத்தித்துறை வெளிச்சவீட்டடியில நிக்கிறவனிலயோ வெளிச்சம் படுது? 30 மீற்றர் உயரத்தில அன்ரெனாவை 6 பாகை சரிச்சா அலைக்கற்றை நிலத்தில விழுறது கிட்டத்தட்ட 285 மீற்றரில. பெடியளின்ர தலைக்கு மேலயே இறக்கப் பாக்கிறாய். ரவர் தூரப் போகப் போக, காதில கிடக்கிற போன்தான் பலத்தைக் கூட்டும்.

2011இல உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் முகவரகம் ரேடியோ அலையை, புற்றுநோய் தரக்கூடியதா இருக்கலாம் எண்ட 2பி வகுப்பில போட்டது உண்மை. கற்றாழை முழு இலைச் சாறும் அந்த வகுப்புத்தான். அதுவும் போனைக் காதில வைச்சுக் கதைக்கிறவையைப் பாத்துச் சொன்னது. ரவருக்குப் போதிய ஆதாரம் இல்லையெண்டுதான் எழுதினவை. 2010இல வெளிவந்த பிரித்தானிய ஆய்வொண்டில, புற்றுநோய் வந்த 1397 சின்னப் பிள்ளையளைப் பாத்தும் ரவரோட தொடர்பு பிடிபடேல்லை.

மாமி அலையாலதான் எண்டு சொல்லுற தலையிடி பொய்யெண்டு சொல்லேல்லை. ஆனா அலை இருக்கா இல்லையா எண்டு மறைச்சு வைச்சுச் சோதிச்சா, நோகுது எண்டவையாலும் கண்டுபிடிக்க ஏலேல்லை. மாமிக்கு இதைப் பக்குவமாச் சொல்லு.

உனக்குப் பயம் வேணுமெண்டா ரவருக்கு வைக்கிற ஜெனரேற்றருக்குப் பயப்படு. கறண்ட் போற நேரமெல்லாம் இரைச்சல், புகை. அதிலும் டீசல் தாங்கி! எங்கட நிலம் சுண்ணாம்புக்கல்லு. ஊத்துப்பட்டது அப்பிடியே கிணத்துக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் கிடந்தது மறந்து போச்சே? தாங்கியைச் சுத்திச் சீமெந்துத் தொட்டி கட்டவேணும், தாங்கி கொள்ளுறதை விடப் பத்து வீதம் கூடக் கொள்ளுற மாதிரி. தொட்டியில மழைத்தண்ணி நிண்டா இடம் குறையும், ஆர் இறைக்கிறது எண்டும் எழுத்தில வாங்கு. பிறகு மின்னலுக்கு எர்த். கடைசியா, ரவர் ஓடத் தொடங்கினதும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அலையை அளந்து தரவேணும் எண்டு ஒரு வரி.

தொட்டியை முதல் வரியாப் போட்டு அனுப்பு, அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்.

உன்ர
குண்டன்